54-54: சமனில் முடிந்த இறுதிப் போட்டியில் புடுச்னோஸ்ட் எப்படிச் சாம்பியன் ஆனது?

கேள்வி இதுதான்: 2011-12 ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் ஹேண்ட்பால் இறுதியின் இரண்டு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் 54-54 என்று வருகிறது. அப்படியிருக்க, மாண்டினீக்ரோவின் புடுச்னோஸ்ட் அணிக்குக் கோப்பை போனது எப்படி? ஹங்கேரியின் ஜியோர் அணிக்கு இது அநியாயம் இல்லையா? வெறும் அதிர்ஷ்டத்தில் வந்த பட்டம்தானே?

முதல் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் இறுதிப் போட்டி ஒரே ஆட்டம் கிடையாது. ஆளுக்கொரு ஊரில் ஒவ்வொன்றாக இரண்டு ஆட்டங்கள். 2012 மே மாதத் தொடக்கத்தில் ஹங்கேரியில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜியோர் 29-27 என்று வென்றது. ஒரு வாரம் கழித்து, புடுச்னோஸ்ட்டின் ஊரான மாண்டினீக்ரோ தலைநகர் போட்கோரிட்சாவில் புடுச்னோஸ்ட் 27-25 என்று வென்றது. கூட்டினால் சமன். சமன் என்றால் எதிரணியின் ஊரில் யார் அதிக கோல் போட்டார்கள் என்று பார்ப்பது விதி. புடுச்னோஸ்ட் ஹங்கேரியில் போட்டது 27, ஜியோர் மாண்டினீக்ரோவில் போட்டது 25. கோப்பை போட்கோரிட்சாவிலேயே தங்கிவிட்டது.

அநியாயமா, அதிர்ஷ்டமா என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கோப்பையைப் புடுச்னோஸ்ட் உழைத்துத்தான் வாங்கியது. அதில் பாதியை, தோற்றுப்போன முதல் ஆட்டத்திலேயே வாங்கிவிட்டது.

கணக்கைப் பார்ப்போம். முதல் ஆட்டம் முடிந்ததும் ஜியோர் கையில் 2 கோல் முன்னிலை. இரண்டாவது ஆட்டத்தில் புடுச்னோஸ்ட் 3 கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் வேறு கேள்வியே இல்லை, கோப்பை அவர்களுக்கு. ஒரு கோலில் மட்டும் ஜெயித்தால் கோப்பை ஜியோருக்கு. சிக்கலெல்லாம் சரியாக 2 கோலில் ஜெயித்தால்தான். அப்போது ஜியோர் எத்தனை கோல் போட்டது என்பதுதான் முடிவு செய்யும். 27-25 என்றாலும் 28-26 என்றாலும் புடுச்னோஸ்ட் சாம்பியன். 29-27 என்றால் எல்லாமே சமன், ஆகவே கால்பந்தின் பெனால்டி ஷூட் அவுட் போன்ற 7 மீட்டர் எறிதலுக்குப் போக வேண்டும். 30-28 என்றால் அதே 2 கோல் வித்தியாசம்தான், ஆனால் சாம்பியன் ஜியோர். ஒரே வித்தியாசத்தில் ஜெயித்தாலும், ஆட்டத்தில் மொத்தம் எத்தனை கோல் விழுந்தது என்பதை வைத்துக் கோப்பை கை மாறுகிறது. ஐபிஎல்லில் கடைசி லீக் ஆட்டத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது, நெட் ரன் ரேட்டுக்காக இத்தனை ஓவருக்குள் ஜெயிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவோமே, கிட்டத்தட்ட அந்த நெருக்கடி.

ஹேண்ட்பாலில் இந்த விதி கால்பந்தைப் போல வேலை செய்யாது. கால்பந்தில் வெளியூரில் ஒரு கோல் போட்டாலே பெரிய சொத்து. ஹேண்ட்பாலில் ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது கோலுக்கு மேல் விழும். அணிக்கு 7 பேர், 40 மீட்டருக்கு 20 மீட்டர் களம், ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் ஒரு தாக்குதல். இத்தனை கோல் விழும் ஆட்டத்தில் கூட்டுக் கணக்கு சமனில் வருவதே அபூர்வம். அது ஒரு சாம்பியன்ஸ் லீக் இறுதியில் வந்தது என்பதால்தான் ஆண்டுகள் கழித்தும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள்.

ஆனால் விதி அப்படி இருந்ததால் இரண்டாவது ஆட்டத்தின் குணமே மாறியது. அன்று புடுச்னோஸ்ட்டுக்குத் தேவைப்பட்டது கோல் மழை அல்ல. ஜியோரை 27-க்குக் கீழே கட்டிப்போட வேண்டும், தான் அதைவிட 2 கோலாவது கூடப் போட வேண்டும். ஆட்டம் வேகமெடுத்து 30-ஐத் தொட்டால் அது ஜியோருக்கு லாபம். மெதுவாக, முட்டி மோதி, ஒவ்வொரு தாக்குதலையும் பொறுமையாகக் கட்டினால் புடுச்னோஸ்ட்டுக்கு லாபம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோலுக்கு முயலாமல் பந்தை வைத்துக்கொண்டே இருந்தால், இப்போது நடுவர் கையைத் தூக்கி 'செயலற்ற ஆட்டம்' என்று எச்சரித்துவிட்டால், இத்தனை பாஸுக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்று எண்ணிக்கை இருக்கிறது. அந்த எண்ணிக்கை வந்தது 2016 விதி மாற்றத்தில்தான். 2012-இல் எல்லாம் நடுவரின் கண்ணுக்கு விட்டது. தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தும் நல்ல பிளேமேக்கர் இருந்த அணியால் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்க முடிந்தது, அதே நேரம் தாக்குவதாகவும் காட்ட முடிந்தது. புடுச்னோஸ்ட்டிடம் இருந்தது சாதாரண பிளேமேக்கர் அல்ல, போயானா போபோவிச்.

முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். என் பார்வையில் கோப்பையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஜியோர் தன் 'சொந்த' ஆட்டத்தைத் தன் ஊரில் ஆடவில்லை. அந்த ஊரில் இன்று இருக்கும் 5,500 பேர் அமரும் அரங்கம் 2014-இல்தான் திறந்தது. அதனால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி, வெஸ்ப்ரேம் நகரத்து அரங்கில் ஆடினார்கள். அது ஹங்கேரியின் புகழ்பெற்ற ஆடவர் ஹேண்ட்பால் அணியின் வீடு. ஊர் மாறினாலும் கூட்டம் முழுக்க ஜியோர் பக்கம்தான். கோல் கம்பத்தின் கீழே நார்வேயின் கத்ரீனே லுண்டே, உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். எதிரணித் தடுப்பு வரிசைக்கு நடுவே, கோட்டு ஓரத்தில் நிற்கும் பிவட்டாக ஹெய்டி லோக்கே, 2011-க்கான உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான். செர்பியாவின் ஆந்த்ரெயா லெக்கிச்சும் அந்த அணியில்தான்.

அப்படிப்பட்ட அணிக்கு எதிராக, அவர்கள் நாட்டிலேயே போய் 27 கோல் போடுவது சின்னக் காரியம் இல்லை. தோற்றாலும் 2 கோலில் நிறுத்தினார்கள் என்பது ஒரு சாதனை. 27 என்ற எண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள் என்பது அதைவிடப் பெரிய சாதனை. அதே 2 கோல் தோல்வி 22-20 என்று அமைந்திருந்தால்? போட்கோரிட்சாவில் ஜியோர் 21 கோல் போட்டாலே சமன் கணக்கு அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும். 27-25 என்று ஜெயித்த அதே இரண்டாவது ஆட்டம் புடுச்னோஸ்ட்டுக்குத் தோல்வியாக முடிந்திருக்கும். முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், தோல்வி தெரிந்த பிறகும் ஒவ்வொரு கோலுக்கும் முட்டி மோதியதற்குக் கிடைத்த கூலி இது. வெளியூர் கோல் விதியின் நியாயமே இதுதான் என்பேன்: தோற்கும்போதும் கையை விடாமல் ஆடுகிறவர்களுக்கு அது மதிப்புக் கொடுத்தது.

ஜியோர் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சொந்த மண்ணில் 2 கோலில் ஜெயித்தார்கள், வெளியூரில் 2 கோலில் தோற்றார்கள். புடுச்னோஸ்ட்டும் அதையேதான் செய்தது. இரண்டு அணியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. அப்படியிருக்க ஒரு ஊரில் விழுந்த கோலுக்கு மற்ற ஊரில் விழுந்த கோலைவிட எடை ஏன் அதிகம்? கூடுதல் நேரம் கொடுத்து ஆட வைத்திருக்கலாமே? நல்ல கேள்விதான். இரண்டாவது ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடும் அணிக்குத் தேவையான எண் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அதுவும் ஒரு வசதிதான். ஆனால் எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டும். ஜியோருக்கும் அந்த எண் தெரியும். 27-25 என்ற நிலையில் ஜியோர் இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் 27-26, கூட்டுக் கணக்கில் 55-54, கோப்பை அவர்களுக்கு. 7 மீட்டர் எறிதல் கூடத் தேவைப்பட்டிருக்காது. அந்த ஒரு கோலை விடாமல் தடுத்ததுதான் புடுச்னோஸ்ட்டின் பின்வரிசை செய்த வேலை. அவர்கள் கோலைக் காத்தவர்களில் ஜெர்மனியின் கிளாரா வோல்டரிங் முக்கியமானவர், 2011-இல்தான் அந்த அணிக்கு வந்திருந்தார். மாண்டினீக்ரோப் பெண்கள் நிறைந்த அணியில் வெளிநாட்டிலிருந்து வந்து கோலின் முன்னால் நின்றவர்.

இந்த இறுதியை வெறும் எண்ணாகப் பார்த்தால் பாதி சுவை போய்விடும். போபோவிச்சையும் லுண்டேயையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2007 முதல் 2010 வரை இருவரும் டென்மார்க்கின் விபோர்க் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். 2009-லும் 2010-லும் சேர்ந்து சாம்பியன்ஸ் லீக் வென்றவர்கள். 2009 இறுதியில் விபோர்க் மயிரிழையில் வீழ்த்தியது யாரை? இதே ஜியோரை. மூன்று ஆண்டு கழித்து அந்த வெற்றியின் இரண்டு தூண்களில் ஒருவர் ஜியோரின் கோலில் நிற்கிறார், மற்றவர் அவருக்கு எதிரே பந்தை எறிகிறார். பயிற்சியில் ஆயிரக்கணக்கான முறை ஒருவர் எறிந்து மற்றவர் தடுத்திருப்பார்கள். மணிக்கட்டு எந்தக் கணத்தில் திரும்பும், எந்தக் கால் முதலில் நகரும் என்று இருவருக்கும் அத்துப்படி. ஹேண்ட்பாலில் எறிகிறவருக்கும் கோல்கீப்பருக்கும் நடக்கும் மோதல் பாதி உடலில், பாதி மனதில். 6 மீட்டர் கோட்டுக்கு மேலே குதித்து, காற்றில் இருக்கும் அந்த அரைக்கணம் யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். ஒருவரையொருவர் இவ்வளவு அறிந்தவர்கள் இறுதியில் எதிரெதிரே நிற்பது கிளப் விளையாட்டில் மட்டுமே கிடைக்கும் காட்சி.

யோவாங்கா ராடிசெவிச்சின் நிலைமை இன்னும் கடினம். போட்கோரிட்சாவில் பிறந்து, புடுச்னோஸ்ட்டில் வளர்ந்து, 2011-இல்தான் ஜியோருக்குப் போயிருந்தார். போன முதல் பருவத்திலேயே இறுதிப் போட்டி, எதிரில் தன் சொந்த ஊர், சொந்த கிளப், மாண்டினீக்ரோ தேசிய அணியில் தன்னோடு ஆடும் தோழிகள். இரண்டாவது ஆட்டம் மோராச்சா அரங்கத்தில், ஊரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயரைக் கொண்ட இடத்தில். அவரை விட்டுப் போன துரோகி என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம், நம்ம பெண் என்று பெருமைப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். எப்படியானாலும், அவர் வெளியேறிய அடுத்த ஆண்டில்தான் அவர் வளர்ந்த கிளப் முதல் முறையாக ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது. இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் அவருக்காக வருத்தமாக இருக்கும்.

இரண்டு கிளப்புகளின் பின்னணியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜியோர் கிளப்பின் பெயரிலேயே அப்போது 'ஆடி' (Audi) என்ற சொல் இருந்தது. அந்த ஜெர்மன் கார் நிறுவனத்தின் பிரம்மாண்டமான என்ஜின் தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருக்கிறது. நல்ல சம்பளம், உலகத்தரமான வெளிநாட்டு வீராங்கனைகள், ஆனால் 2012 வரை சாம்பியன்ஸ் லீக் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. மாண்டினீக்ரோவோ 2006-இல் தனி நாடான இடம். 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே 6,20,000 சொச்சம். புடுச்னோஸ்ட்டின் முதுகெலும்பு அந்த நாட்டின் தேசிய அணியேதான்: போபோவிச், கத்தரீனா புலாட்டோவிச், மிலேனா க்னெசெவிச், மைடா மெஹ்மெடோவிச், ஆனா ஜோகிச். பயிற்சியாளர் டிராகன் அஜிச் தேசிய அணிக்கும் அவரேதான். ஆண்டு முழுக்க ஒன்றாகவே சாப்பிட்டு, ஒன்றாகவே பயிற்சி செய்யும் கூட்டம். விலை கொடுத்து வாங்கிய நட்சத்திரங்களுக்கு இல்லாத ஒரு ஒட்டுதல் அவர்களிடம் இருந்தது. 2 கோல் பின்தங்கிய நிலையில் ஊர் திரும்பிய அணிக்கு அதுதான் பெரிய பலம் என்பது என் எண்ணம்.

போபோவிச்சுக்கு அது கிளப் வாழ்க்கையின் கடைசிப் பருவம். டென்மார்க்கின் ஸ்லாகெல்சேயோடு 2004, 2005, 2007, விபோர்க்கோடு 2009, 2010, இப்போது வளர்த்த கிளப்போடு 2012. ஆறு சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள், மூன்று வெவ்வேறு அணிகளோடு. கடைசிக் கோப்பையைச் சொந்த நாட்டில் வாங்கிவிட்டு விலகுகிறவர்கள் எத்தனை பேர்?

அதிர்ஷ்டத்தில் வந்த பட்டமா என்ற கேள்விக்கு, அடுத்த ஏழு மாதங்களே பதில் சொல்லிவிட்டன. ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக். கிட்டத்தட்ட இதே கூட்டம், ராடிசெவிச்சும் சேர்ந்து, மாண்டினீக்ரோ சட்டை போட்டுக்கொண்டு இறங்கியது. காலிறுதியில் பிரான்ஸை 23-22, அரையிறுதியில் ஸ்பெயினை 27-26. இறுதியில் நார்வேயிடம் 26-23 என்று தோற்றார்கள், அங்கே எதிரில் இருந்தவர்களில் அதே லோக்கேயும் லுண்டேயும் உண்டு. ஆனாலும் வெள்ளி. மாண்டினீக்ரோ என்ற நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். 53 கோல் போட்ட புலாட்டோவிச் அந்த ஒலிம்பிக்கின் அதிக கோல் வீராங்கனை. அப்புறம் டிசம்பரில் பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை இறுதி, மறுபடியும் நார்வே. போபோவிச் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இல்லாமலே, இரண்டு கூடுதல் நேரங்கள் ஆடி 34-31 என்று வென்றார்கள். மே, ஆகஸ்ட், டிசம்பர் என்று ஒரே ஆண்டில் மூன்று பெரிய இறுதிகள். கடைசிவரை போய் முடியும் நெருக்கமான ஆட்டங்களில் திரும்பத் திரும்பத் தாக்குப்பிடித்த கூட்டத்தைப் பார்த்து அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜியோர் என்ன ஆனது என்றால், அந்தத் தோல்வியோடு முடங்கிவிடவில்லை. 2012 கோடையில் ஸ்பெயின்காரரான அம்ப்ரோஸ் மார்ட்டின் பயிற்சியாளராக வந்தார். 2013-இல் முதல் கோப்பை, லோக்கே, லுண்டே, லெக்கிச், ராடிசெவிச் எல்லோரும் இருந்த அணி. 2014-இல் இரண்டாவது, அதுவும் இறுதியில் புடுச்னோஸ்ட்டையே 27-21 என்று வீழ்த்தி. அதன் பிறகு 2017, 2018, 2019, 2024, 2025 என்று மொத்தம் ஏழு கோப்பைகள் ஆகிவிட்டன. புடுச்னோஸ்ட் 2015-இல் நார்வேயின் லார்விக்கை 26-22 என்று வென்று இரண்டாவது முறை எடுத்தது. லுண்டே பிற்பாடு நார்வேயின் வைப்பர்ஸ் அணியோடு 2021, 2022, 2023 என்று மூன்று தொடர் பட்டங்கள் வென்று, மொத்தம் ஏழோடு போபோவிச்சை முந்தினார்.

இனி ஒரு சாம்பியன்ஸ் லீக் இறுதி 54-54 என்று முடிய வாய்ப்பில்லை. 2013-14 பருவத்திலிருந்து அரையிறுதியும் இறுதியும் ஒரே வார இறுதியில், ஒரே ஊரில் நடக்கிறது. பைனல் ஃபோர் என்கிறார்கள், மகளிருக்கு அது புடாபெஸ்ட். தொலைக்காட்சிக்கும் டிக்கெட் விற்பனைக்கும் அது வசதி, மறுக்க முடியாது. ஆனால் போட்கோரிட்சா போன்ற சின்னத் தலைநகரம் தன் சொந்த அரங்கத்தில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு அதோடு போய்விட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை.

இரண்டு ஆட்ட முறை காலிறுதிவரை தொடர்ந்தது, வெளியூர் கோல் விதியும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. 2021 மகளிர் காலிறுதியில் புக்கரெஸ்டில் 32-27 என்று தோற்ற மாஸ்கோவின் சிஎஸ்கேஏ, சொந்த ஊரில் 24-19 என்று வென்று 51-51 என்று சமன் செய்தது. புக்கரெஸ்டில் போட்ட 27 கோல்தான் அவர்களை பைனல் ஃபோருக்கு அனுப்பியது. அங்கேயும் அதே 27. பிறகு ஐரோப்பிய ஹேண்ட்பால் இந்த விதியைக் கைவிட்டது. இப்போது கூட்டுக் கணக்கு சமனானால் நேராக 7 மீட்டர் எறிதல்தான். 2024 ஆடவர் காலிறுதியில் போலந்தின் கீல்ட்சேயும் ஜெர்மனியின் மாக்டெபர்க்கும் 49-49 என்று நின்றபோது அப்படித்தான் முடிவானது, மாக்டெபர்க் முன்னேறியது. பழைய விதியிலும் மாக்டெபர்க்தான் போயிருக்கும், வெளியூரில் அவர்கள் 26, கீல்ட்சே 22.